வீடு என்னும் வேலைத்தலம்: வீட்டு வேலையாளரின் உடல்நலம் பற்றிய ஒரு நோக்கு

தொழிலாளர் வாழ்வு பற்றிய ஆய்வுகளில் தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் துறைமுகத்துக்கும் வயலுக்கும் உரிய இடம் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்ணின் முதுகிற் கிடக்கும் கூடையின் நிறையும், ஆடைத் தொழிற்சாலையில் நிற்பவளின் இரவுப்பணி நேரமும் அளக்கப்பட்டுள்ளன, விவாதிக்கப்பட்டுமுள்ளன. ஆயின் கூலிக்கு உழைப்போர் மிகப் பலர் நாள்தோறும் வேலை செய்யும் இடமொன்று இவ்வாய்வுகளின் எல்லைக்குள் இலகுவில் வருவதில்லை. அவ்விடம் வீடு. சர்வதேசத் தொழில் தாபனம் 2021 ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகிற் பதினைந்து வயதும் அதற்கு மேலுமான வீட்டு வேலையாளரின் தொகை 7 கோடி 56 இலட்சம். அவருள் நூற்றுக்கு 76 பேர் பெண்கள். நூற்றுக்கு 81 பேர் முறைசாராத் தொழில் உறவில் உள்ளவர்கள்.

இத்துணைப் பெருந்தொகையினரின் உடல்நலம் தொழிற்சுகாதாரம் என்னும் துறையின் ஓரத்திற் கிடப்பதற்கு வழக்கமாகக் கூறப்படும் காரணம் ஒன்றுண்டு. வீடு தனியாரின் அந்தரங்கம். அரசின் பரிசோதகர் அதன் வாசற்படியைத் தாண்டலாகாது. ஆகவே அங்கு நிகழும் வேலையை ஒழுங்குபடுத்தல் நடைமுறைக்கு ஒவ்வாது என்பதே அது. பார்வைக்கு நியாயமானது போலத் தோன்றும் இவ்வாதத்தை இலங்கையின் சட்ட வரலாறு ஆதரிக்கவில்லை. அரசு தான் விரும்பியபோது வீட்டுக்குள் நுழைந்தேயுள்ளது. யாருக்காக நுழைந்தது என்பதே கேட்க வேண்டிய வினா.

யாழ்ப்பாணத்து வழமைகளை ஒல்லாந்தர் 1707 இல் தேசவழமை எனத் தொகுத்தபோது அடிமைகள் பற்றிய பகுதியும் அதில் இடம்பெற்றது. வீட்டூழியம் அங்கு உடைமையுறவின் ஒரு கூறாகவே அமைந்தது. 1844 இல் ஆங்கிலேயர் ஆட்சி அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே 1841 இன் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வேலையாட்கள், கூலிகள், கைவினைஞர் ஆகியோரின் சேவை ஒப்பந்தங்களை ஒழுங்குபடுத்தத் தொடங்கியிருந்தது. 1865 இன் 11 ஆம் இலக்கச் சட்டம் அதனை விரிவுபடுத்தியது. இவ்வரிசையிலேயே 1871 இன் 28 ஆம் இலக்கச் சட்டமாகிய வீட்டு வேலையாளர் பதிவுக் கட்டளைச் சட்டம் வருகின்றது. இதனை ஒரு பனுவலாகக் கொண்டு வாசித்தல் பயன் தரும்.

சமையற்காரர், பெண் வேலையாட்கள், வண்டியோட்டிகள், குதிரை பார்ப்போர், வீட்டிலும் தோட்டத்திலும் வேலை செய்யும் கூலிகள் ஆகிய யாவரையும் இச்சட்டம் வீட்டு வேலையாளர் என்கின்றது. வேலையாள் ஒவ்வொருவரும் தம் கையில் ஒரு சிறு பதிவுப் புத்தகம் வைத்திருத்தல் வேண்டும். வேலைக்கமர்த்தப்பட்ட திகதியையும், நீங்கிய திகதியையும், நீங்கியமைக்கான காரணத்தையும், வேலையாளின் ஒழுக்கத்தையும் எசமானர் அதில் எழுதுதல் வேண்டும். பதிவுப் பொறுப்பு பொலிஸாரைச் சார்ந்தது. வீட்டுக்குள் யார் இருக்கின்றார், எங்கிருந்து வந்தார், ஏன் போனார், எத்தகையவர் என்பனவெல்லாம் அரசு அறிய விரும்பியவை. அவர் எத்தனை மணிக்கு எழுகின்றார், எங்கே படுக்கின்றார், சுகவீனமுற்றால் என்ன செய்கின்றார் என்பவற்றை அது கேட்கவில்லை. சம்பளம், ஓய்வு, விடுமுறை, காயம் என்னும் விடயங்களுக்கு அச்சட்டத்தில் இடமில்லை. வெள்ளிக் கரண்டியைப் பாதுகாப்பதற்காக வீட்டின் அந்தரங்கத்தைச் சற்றே விலக்கிப் பார்க்கச் சம்மதித்த சட்டம், அக்கரண்டியைத் துலக்கும் கையைப் பார்க்க முற்படவில்லை. நூறாண்டுக்கு மேலாக இந்நாட்டுச் சட்டநூலில் வீட்டு வேலையாளருக்கெனத் தனியே இருந்த சட்டம் இதுவே என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

பின்வந்த தொழிற்சட்டங்கள் ஒவ்வொன்றும் தத்தம் எல்லையை வரைந்துகொண்டன. 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பல தொழில்களுக்குச் சபைகள் அமைந்தன. வீட்டு வேலைக்கு அமையவில்லை. 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலையைப் பற்றியது. 1954 ஆம் ஆண்டின் சட்டம் கடையையும் காரியாலயத்தையும் பற்றியது. 1958 இல் வந்த ஊழியர் சேமலாப நிதியின் பாதுகாப்பும் வீட்டுச் சேவைக்குக் கிட்டவில்லை. இவையெல்லாம் பழைய காலத்துச் சட்டங்கள், அக்காலத்துச் சிந்தனையின் குறைபாடுகள் என்று ஆறுதல் கொள்வதற்கும் வழியில்லை. 2016 இல் தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டம் நிறைவேறியபோது, வேலையாள் என்னும் சொல்லுக்கு அது தந்த வரைவிலக்கணத்திலிருந்து வீட்டு வேலையாளர் பெயர் குறித்தே விலக்கப்பட்டனர். முந்திய சட்டங்கள் அவர்களைக் காணாமல் விட்டன என்று சொல்லலாம். 2016 இன் சட்டம் கண்டே விட்டது.

இவ்விலக்கலுக்குத் துணைநிற்பது சட்டத்தின் மொழி மட்டுமன்று. வீடுகளில் வழங்கும் மொழியும் துணைநிற்கின்றது. "வீட்டுப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறோம்" என்னும் கூற்றைக் கேளாத தமிழர் இரார். மலையகத் தோட்டங்களிலிருந்து சிறுவர் சிறுமியர் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் கொண்டுவரப்பட்ட நீண்ட வரலாற்றில் இக்கூற்று ஒரு நிறுவனத்தின் வலிமை பெற்றுவிட்டது. அது முற்றிலும் பொய் என்று கூறுவதும் நேர்மையாகாது. அன்புடன் நடத்திய வீடுகள் உண்டு. படிப்பித்துக் கலியாணம் செய்து வைத்த வீடுகளும் உண்டு. ஆயின் இக்கூற்றின் உண்மையைச் சோதிக்க இலகுவான வழியொன்று இருக்கின்றது. காய்ச்சல் வந்தால் வீட்டுப் பிள்ளை கட்டிலிற் படுக்கும். ஒருவர் பக்கத்திலிருந்து கஞ்சி கொடுப்பர். வேலைக்காரப் பிள்ளைக்கு மூன்று நாளுக்கு மேற் காய்ச்சல் நின்றால், ஊருக்கு அனுப்பும் பேச்சு எழும். அவ்விடத்தில் உறவு முடிந்து தொழில் தொடங்குகின்றது. உழைக்கும் வேளையிற் பிள்ளையாகவும், உழைக்க இயலாத வேளையில் ஊழியராகவும் ஒருவரை மாற்றி மாற்றி அழைக்கும் வசதியை இந்த "மாதிரி" என்னும் சொல்லே தருகின்றது. தொழிலாளர் சுரண்டல் பற்றி வகுப்புக்களில் விரிவாகப் பேசும் அறிஞர்களின் இல்லங்களும் இதற்கு விதிவிலக்கல்ல என்பதைச் சொல்லாமல் விடுவது கடினம்.

சிறுவர் பற்றிய நிலையில் ஓரளவு மாற்றம் வந்துள்ளது. 1956 ஆம் ஆண்டின் பெண்கள், இளைஞர், சிறுவர் தொழிற் சட்டத்தின் கீழ்ப் பதினான்காயிருந்த ஆகக்குறைந்த வயது 2021 இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு யூலையில், தலைநகரில் வேலைக்கு வைக்கப்பட்டிருந்த மலையகச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களால் இறந்தமை நாட்டையே உலுக்கியது. ஊர்வலங்கள் நிகழ்ந்தன, பத்திரிகைகள் எழுதின. அப்பேச்சின் பெரும்பகுதி குற்றம் பற்றியதாகவும் வயது பற்றியதாகவும் அமைந்தது. அது அவசியமானதே. எனினும் வயது வந்த வேலையாள் ஒருத்தியின் அன்றாட வேலை அவள் உடலுக்கு என்ன செய்கின்றது என்ற வினா அவ்வேளையிலும் எழவில்லை.

அவ்வினாவுக்கு மருத்துவம் விடையறியாததன்று. தொழில் நோய்கள் பற்றி 1700 ஆம் ஆண்டில் நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் ரமற்சினி, துணி வெளுக்கும் பெண்களுக்கும் பாலூட்டும் தாதியருக்கும் தனித்தனி இயல்கள் ஒதுக்கினார். ஆங்கில மருத்துவமோ முழங்காற் சில்லின் முன்னுள்ள சிறு பையில் உண்டாகும் அழற்சிக்கு "வேலைக்காரியின் முழங்கால்" என்றே பெயரிட்டது. முழந்தாளில் நின்று தரையைத் தேய்ப்பதால் வருவது அவ்வழற்சி. தொழிலின் பெயரையே தன் பெயராகப் பெற்ற நோய் இது. ஆங்கில இலக்கியம் பயின்றோர் இந்நோயை வேறோரிடத்திற் சந்தித்திருப்பர். 1889 இல் வெளியான ஜெரோம் கே. ஜெரோமின் நகைச்சுவை நூலில், மருத்துவ அகராதியைப் புரட்டும் கனவான் ஒருவர் அதிலுள்ள நோய்கள் யாவும் தமக்கிருப்பதாகக் காண்கின்றார். இந்த முழங்கால் நோய் ஒன்றே தமக்கில்லை என அறிந்து சற்று மனத்தாங்கலும் அடைகின்றார். நகைச்சுவை சிறந்ததே. ஆயின் அது எதன் மேல் நிற்கின்றது என்பது நோக்கத்தக்கது. கனவானுக்கு வரவே முடியாத நோய் ஒன்றுண்டு, அது மாடிப்படியைத் துடைப்பவளுக்கு உரியது என்பது வாசகர் யாவருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும் அது சிரிப்புக்குரியதாகவே நின்றது.

முழங்காலை விட அதிகம் கெடுவது கை. பாத்திரம் கழுவுதல், துணி துவைத்தல், மீன் வெட்டுதல், தரை துடைத்தல் என நாளின் பெரும்பகுதி நீரிலேயே இருக்கும் கையின் தோலிலுள்ள எண்ணெய்த்தன்மையைச் சவர்க்காரத் தூள் கரைத்துவிடுகின்றது. தோல் வரண்டு வெடிக்கின்றது. வெடித்த தோலில் மிளகாயும் புளியும் உப்பும் படுகின்றன. நகத்தின் அடிமடலில் ஈரம் தங்கி, நாட்பட்ட நகச்சுற்று உண்டாகின்றது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேற் கை ஈரத்தில் இருத்தலை "ஈரவேலை" என வகுத்து, அதற்கெனத் தடுப்பு விதிகளை ஜெர்மனி ஏற்படுத்தியுள்ளது. நம் குசினிகளில் இரண்டு மணி நேரம் காலைச் சாப்பாட்டுக்கு முன்னரே கழிந்துவிடும்.

மூச்சுறுப்புக்களின் கதை இன்னும் பாரதூரமானது. மலசலகூடம் கழுவும் திரவங்கள் பலவற்றில் ஐதரோகுளோரிக்கமிலம் உண்டு. வெளிற்றும் திரவத்தில் உள்ளது சோடியம் ஐப்போகுளோரைற்று. கறை போகவில்லையென இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றினால் குளோரீன் வாயு கிளம்பும். வெளிற்றும் திரவம் அமோனியா கலந்த திரவத்தோடு சேர்ந்தால் குளோரமைன் என்னும் நச்சுவாயுக்கள் எழும். பெரும்பாலும் ஒரு சிறு யன்னல் மட்டுமே உள்ள அறையில், போத்தலின் எச்சரிக்கையை வாசிக்கத் தெரியாத அல்லது அம்மொழி தெரியாத ஒருவர் கையிலேயே இவ்விரசாயனவியல் நிகழ்கின்றது. ஆய்வுகூடத்தில் இதனைச் செய்யும் மாணவனுக்குப் புகையறையும் கண்ணாடியும் கையுறையும் உண்டு. பார்சிலோனாப் பகுதியில் வீடு சுத்தம் செய்யும் பெண்களிடையே நடந்து 2005 இல் வெளியான ஆய்வொன்று, வெளிற்றும் திரவத்தின் பயன்பாட்டுக்கும் தொய்வு, நாட்பட்ட மார்ச்சளி ஆகியவற்றின் குறிகளுக்கும் தொடர்பு உண்டெனக் கண்டது. நோர்வேயின் பேர்கன் பல்கலைக்கழகத்தார் 2018 இல் வெளியிட்ட ஆய்வு, ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரை ஏறத்தாழ இருபதாண்டுகள் தொடர்ந்து நோக்கி, சுத்திகரிப்பு வேலை செய்த பெண்களின் நுரையீரல் ஆற்றல் ஏனையோரினும் விரைவாகக் குறைந்ததைக் காட்டியது. தம் சொந்த வீட்டைச் சுத்தம் செய்த பெண்களிடமும் இவ்விளைவு காணப்பட்டமை குறிப்பிடத்தக்கது. திரவம் எசமானி, வேலைக்காரி என்ற வேறுபாடு பார்ப்பதில்லை. மூச்சு இறுகும்போது போத்தலை வைத்துவிட்டு வெளியே போகும் சுதந்திரமே இருவரையும் வேறுபடுத்துகின்றது.

விறகடுப்புப் புகை, கொதியெண்ணெய், மண்ணெண்ணெய் என்பன பற்றி விரித்தல் வேண்டா. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாட்டின் பல பகுதிகளிற் சமையல் எரிவாயுச் சிலிண்டர்களோடு தொடர்புடைய வெடிப்புக்கள் நிகழ்ந்தபோது அது பாவனையாளர் பிரச்சினையாகவே பேசப்பட்டது என்பதை மட்டும் கூறலாம். கூலிக்காக அடுப்பின் முன் நிற்பவருக்கு அது ஒரு வேலைத்தல விபத்து என்ற எண்ணம் எவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

இவ்வளவு தெரிந்திருந்தும் இந்நோய்கள் தொழில் நோய்களாக ஏன் நிலைபெறவில்லை? அதற்கு வீட்டு வேலையின் அமைப்பிலேயே ஒரு காரணம் உள்ளது. ஒரே வேலையை ஒரே இடத்திற் செய்யும் பலரிடம் ஒரே குறி தோன்றும்போதே அது தொழிலால் வந்தது என அறியப்படுகின்றது. சுரங்கத்தில் நூறு பேர் இருமினால் சுரங்கத்தின் மேற் சந்தேகம் விழும். வீட்டில் வேலையாள் பெரும்பாலும் ஒருத்தியே. அவள் இருமினால் சந்தேகம் அவள் மேலேயே விழும். பனியில் நின்றாள், தலையிற் குளிர்நீர் வார்த்தாள், பிறப்பிலேயே நோஞ்சான் என்பர். அவளுக்கும் தன் இருமலை ஒப்பிட்டுப் பார்க்க அயலில் ஆள் இல்லை. மேலும், காற்றில் ஒரு நச்சு எவ்வளவு இருக்கலாம் எனத் தொழிற்சுகாதாரம் வகுக்கும் அளவுகள் பொதுவாக எட்டு மணி நேர வேலை நாளை அடிப்படையாகக் கொண்டவை. எஞ்சிய பதினாறு மணி நேரத்தில் உடல் வேறிடத்தில் ஆறும் என்பது அவற்றின் எடுகோள். குசினிக்குப் பக்கத்துச் சாமான் அறையிற் பாய் விரித்துப் படுப்பவளுக்கு அந்த வேறிடம் இல்லை. இரவிற் குழந்தை அழுதாலும், பிந்தி வரும் ஐயாவுக்குச் சோறு போட வேண்டியிருந்தாலும் எழும்புபவளுடைய வேலை நாளின் எல்லையை எவ்வாறு வரைவது? அவ்வகையில் விஞ்ஞானத்தின் அளவுகோலும் வீட்டு வாசலிலேயே நின்றுவிடுகின்றது.

அப்படியாயின் சட்டம் வீட்டுக்குள் நுழைந்து வேலையாளின் உடலைக் கண்ட சந்தர்ப்பங்கள் இல்லையா என்னும் வினா எழும். உண்டு; அவை பெரும்பாலும் மரணத்தின் பின் வந்தவை. சிங்கப்பூரின் மாடித் தொடர்களில் யன்னல் துடைக்கையில் வெளிநாட்டுப் பணிப்பெண்கள் விழுந்து இறந்ததையடுத்து, 2012 இல் அந்நாட்டு அரசு ஒரு விதி செய்தது. யன்னற் கம்பிகள் பூட்டப்பட்டு, வளர்ந்தவர் ஒருவர் மேற்பார்வை செய்தாலன்றி, பணிப்பெண்ணைக் கொண்டு யன்னலின் வெளிப்புறத்தைத் துடைப்பித்தலாகாது என்பது அவ்விதி. ஒரு வீட்டின் யன்னலையே சட்டத்தின் பொருளாக்கலாம் என்பதை அது காட்டிற்று.

இதனினும் ஆழமானது தென்னாபிரிக்காவின் மஹ்லங்கு வழக்கு. பிரிற்றோரியாவில் ஒரே குடும்பத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்த பெண் 2012 மார்ச்சில் அவ்வீட்டு நீச்சற் குளத்தில் மூழ்கி இறந்தார். அவருக்குப் பார்வை குறைந்திருந்தது, நீந்தவும் தெரியாது எனக் குடும்பத்தினர் கூறினர். எசமானி வீட்டிலேயே இருந்தும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை எனப்பட்டது. தாயின் உழைப்பிலேயே தங்கியிருந்த மகள் நட்டஈடு கோரியபோது, 1993 ஆம் ஆண்டின் தொழிற் காயங்கள், நோய்கள் பற்றிய நட்டஈட்டுச் சட்டம் தனியார் வீட்டு வேலையாளரை விலக்கியிருந்தமையால் வழி அடைபட்டது. 2020 நவம்பர் 19 ஆந் திகதி அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அவ்விலக்கல் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்த்து, அத்தீர்ப்பு 1994 ஏப்பிரல் 27 முதலே செல்லும் என்றும் விதித்தது. நிறவெறி ஆட்சி முடிந்த அந்நாளிலிருந்து தீர்ப்பைப் பின்னோக்கிச் செலுத்தியமை தற்செயலன்று. கறுப்பினப் பெண்ணின் வீட்டூழியத்தை வேலையென மதியாமை பழைய ஆட்சியின் எச்சம் என நீதிமன்றம் கண்டது. இலங்கையில் 1844 உடன் அடிமைமுறையும் 1948 உடன் அந்நியர் ஆட்சியும் முடிந்தன எனக் கொள்வோர், 1871 இன் சட்டத்தை இத்தீர்ப்போடு அருகருகே வைத்து வாசித்தல் வேண்டும்.

எனினும் யன்னலும் குளமும் ஒரு குறைபாட்டையும் உணர்த்துகின்றன. விழுந்து இறப்பதும் மூழ்கி இறப்பதும் நாளும் நேரமும் உடையன. ஆதலாற் சட்டத்தின் கண்ணுக்குப் படுவன. முழங்காலும் கையும் நுரையீரலும் அவ்வாறு ஒரு நாளிற் கெடுவதில்லை. இருபதாண்டுகளில், நான்கைந்து வீடுகளில், சிறிது சிறிதாகக் கெடுகின்றன. எந்த வீடு பொறுப்பு என்று எவர் சொல்வார்?

கடல் கடந்து செல்லும் இலங்கைப் பெண்கள் விடயத்தில் அரசின் நடத்தை இவ்விடத்தில் ஒப்பிடத்தக்கது. 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டது. மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண் பதிவு செய்யப்படுகின்றாள்; ஒப்பந்தமும் காப்புறுதியும் உண்டு. அவை வேண்டிய அளவு காக்கின்றனவா என்பது வேறு விடயம். குவைத்து 2015 இல் இயற்றிய 68 ஆம் இலக்கச் சட்டம் வீட்டு வேலையாளருக்கு வாராந்த ஓய்வுநாளையும் பன்னிரண்டு மணி நேர உச்ச எல்லையையும் விதித்தது. அந்நியர் வீட்டிலுள்ள தம் பெண்களுக்கு உரிமை கேட்பதில் நம்மவர் காட்டும் ஆர்வம் பாராட்டுக்குரியது. அதே ஊரிலிருந்து கொழும்பு வீடொன்றுக்குப் போகும் அவளுடைய தங்கைக்கு ஒப்பந்தமும் இல்லை, காப்புறுதியும் இல்லை. குவைத்து வீடு வேலைத்தலம் என்றால் கொள்ளுப்பிட்டி வீடு எவ்வாறு வேலைத்தலம் ஆகாது?

சர்வதேசத் தொழில் தாபனம் 2011 யூன் 16 இல் நிறைவேற்றிய 189 ஆம் இலக்கச் சமவாயம் இத்துறையில் ஒரு திருப்பம் எனலாம். வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு, பாதுகாப்பும் சுகமும் உள்ள வேலைச் சூழல் என்பன உரிமைகளாக அதில் எழுதப்பட்டுள்ளன. எனினும் அதனைக் கூர்ந்து வாசிப்போர் ஒரு வேறுபாட்டைக் காண்பர். உடல்நலம் பற்றிய 13 ஆம் உறுப்புரை, வீட்டு வேலையின் தனித்தன்மைகளைக் கருத்திற் கொண்டு நடவடிக்கைகளைப் படிப்படியாகச் செயற்படுத்தலாம் என அரசுகளுக்கு இடங்கொடுக்கின்றது. ஓய்வுநாளுக்கு இத்தளர்வு இல்லை. "தனித்தன்மை", "படிப்படியாக" என்னும் இரு சொற்களும் நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டிருக்கலாம். ஆயின் ஒன்றும் செய்ய விரும்பாத அரசுக்கு இவற்றிலும் வசதியான புகலிடம் கிடையாது. 17 ஆம் உறுப்புரை அந்தரங்கத்தை மதித்து வீட்டைப் பரிசோதிக்கும் வழிகளைச் சட்டங்கள் வகுக்க வேண்டும் என்கின்றது. இது இயலாத காரியமன்று. உருகுவே நாட்டின் 2006 ஆம் ஆண்டுச் சட்டம் எட்டு மணி நேர நாளையும் 36 மணி நேர வாராந்த ஓய்வையும் விதித்ததோடு, மீறல் நிகழ்ந்ததெனக் கருத இடமிருப்பின் நீதிமன்றக் கட்டளை பெற்றுத் தொழிற் பரிசோதகர் வீட்டினுள் நுழையலாம் எனவும் வகுத்தது. திருட்டுப் பொருளைத் தேடி ஒரு வீட்டுக்குள் நுழையப் பொலிஸாருக்கு வேண்டப்படும் அதே வகையான நீதிமன்ற அனுமதிதான் இது.

2010 களில் மலையகத் தொழிற்சங்கப் பெண்களின் முயற்சியால் இந்நாட்டில் வீட்டு வேலையாளருக்கெனச் சங்கம் ஒன்று உருவாயிற்று. தனித்தனி வீடுகளில் இருந்தோர் ஒருவரையொருவர் கண்டு பேசும் இடமொன்று அதனாற் கிடைத்தது. சங்கத்தின் சம்பளக் கோரிக்கைகளோடு, மேலே கூறிய மருத்துவச் சிக்கலுக்கும் இது விடை தருகின்றது. ஐம்பது பேர் ஒரு மண்டபத்திற் கூடித் தம் கைகளை நீட்டிக் காட்டினாற்றான் நகச்சுற்று ஒரு தொழில் நோயாகத் தோன்றும். பல்கலைக்கழக மருத்துவ பீடங்களின் சமுதாய மருத்துவத் துறைகள் மேற்கொள்ள வேண்டிய ஆய்வு இங்கேதான் தொடங்க வேண்டும். வீடு வீடாகச் சென்று வினாக்கொத்துக் கொடுக்கும் முறை இதற்கு உதவாது. எசமானி அடுத்த கதிரையில் இருக்கையில், சுகமாக இருக்கின்றேன் என்பதைத் தவிர வேறு விடை கிடைக்காது. ஞாயிறு மாலைகளிற் சங்க அலுவலகத்திலும், கோயில், தேவாலய வாசல்களிலும், ஹற்றன் செல்லும் பஸ் நிலையத்திலும் அவர்களைச் சந்திக்கலாம். எந்தத் திரவம், எத்தனை மணி நேரம், எங்கே படுக்கை, கடைசியாக எப்போது ஒரு முழு இரவு உறங்கினாய் என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். 1871 இன் பதிவுப் புத்தகத்தில் எசமானர் எழுதிய இடத்தில், இம்முறை வேலையாளே சொல்லி எழுதப்படும் பதிவாக அது அமைதல் வேண்டும்.